ஓர் எல் பிராக்கெட், ஒரு சிமுலேஷன்: ஃப்ரீகேடில் தொடக்கம் முதல் நம்பத்தக்க விடை வரை

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கணக்கை முழுவதுமாகச் செய்து முடிக்கிறது. சுவரில் போல்ட் போட்டுப் பொருத்திய இரும்பு எல் பிராக்கெட்டின் முனையில் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடை தொங்குகிறது. பிராக்கெட் தாங்குமா, முனை எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான் கேள்வி.

மென்பொருள் ஃப்ரீகேட். அதற்குள் மெஷ் போடுவது, அதாவது பாகத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரிப்பது ஜிமெஷ். அவற்றின் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் கால்குலிக்ஸ். மூன்றும் இலவசம். ஆன்சிஸ், அபாக்கஸ் என்று வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுவே. பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும்.

புதிதாக வருபவர்கள் பொத்தான்களைச் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். சிவப்பும் நீலமுமாகப் படம் திரையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதில்தான் சறுக்குகிறார்கள். தப்பான உள்ளீடு கொடுத்தாலும் படம் அதே தெளிவோடு வரும். ஆகவே கீழே உள்ள படிகளில் பல, வந்த விடையைச் சந்தேகப்பட்டுச் சோதிக்கும் படிகள். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் வரைந்து அதைத் திண்மமாக்கத் தெரிந்திருக்க வேண்டும். பீம் வளைவுச் சூத்திரங்கள் இரண்டு நினைவில் இருக்க வேண்டும், அல்லது பாடப்புத்தகம் பக்கத்தில் இருக்க வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் இந்தக் கணக்குக்குப் போதும். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மெஷ் அளவு, முனை இறக்கம், தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஓர் அலகுப் பரப்பில் உள்ள உள்விசை) ஆகிய மூன்றையும் அதில் எழுதப் போகிறோம்.

1. கேள்வியை எண்ணாக எழுதுங்கள்

"பிராக்கெட்டை அனலைஸ் பண்ணணும்" என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: முனை 1 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. அதிகபட்சத் தகைவு, ஈல்டு தகைவில் (பொருள் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) பாதியைத் தாண்டக் கூடாது. பொருள் ஐஎஸ் 2062 இ250 தர எஃகு என்றால் ஈல்டு 250 மெகாபாஸ்கல், அதில் பாதி 125.

இந்த இரண்டு எண்கள்தான் பின்னால் மெஷ் எவ்வளவு நுண்ணியதாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். விடை 40 மெகாபாஸ்கல் அளவில் வந்தால் 10 சதவீதப் பிழை பொருட்டே இல்லை. 120 வந்தால் அதே 10 சதவீதம் முடிவையே மாற்றிவிடும்.

2. மென்பொருளைத் திறக்கும் முன் கையால் கணக்குப் போடுங்கள்

அதிகம் பேர் தவிர்க்கும் படி இது. என் பார்வையில் எல்லாப் படிகளிலும் முக்கியமானதும் இதுதான்.

அளவுகள்: செங்குத்துக் கால் 100 மி.மீ., கிடைக்கால் 100 மி.மீ. (இரண்டும் வெளி அளவு), அகலம் 40, தடிமன் 6. ஆங்கில எல் எழுத்தைப் போலவே கிடைக்கால் அடியில் இருக்கிறது. செங்குத்துக் காலின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது.

கிடைக்காலை ஒரு கேன்டிலீவர் பீமாக, அதாவது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்மூலையிலிருந்து முனை வரை நீளம் 100 − 6 = 94 மி.மீ. குறுக்குவெட்டின் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா 40 × 6³ ÷ 12 = 720 மி.மீ.⁴. உள்மூலையில் வளைவுத் திருப்புத்திறன் 200 × 94 = 18,800 நியூட்டன் மி.மீ.

தகைவு = 18,800 × 3 ÷ 720 = 78.3 மெகாபாஸ்கல்.

முனை இறக்கம் = 200 × 94³ ÷ (3 × 2,10,000 × 720) = 0.37 மி.மீ. இதில் 2,10,000 என்பது எஃகின் விறைப்பைக் காட்டும் யங் குணகம், மெகாபாஸ்கலில்.

பீம் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதில் சின்னச் சிக்கல் உண்டு. மூலை முழு இறுக்கமானது இல்லை, அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நீளத்தைச் சுவர் வரை 100 என்று எடுத்தால் இறக்கம் 0.44 மி.மீ. வருகிறது. முதுகு முழுவதும் இறுகப் பிடிக்கப்பட்ட நிலையில் மென்பொருளின் விடை இந்த 0.37க்கும் 0.44க்கும் இடையில் விழ வேண்டும். நோட்டில் எழுதி அடிக்கோடிடுங்கள்.

இந்த எண் கையில் இல்லாமல் மென்பொருளைத் திறந்தால், 0.04 வந்தாலும் 4 வந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். எது சரி என்று கேட்க ஆள் இருக்காது.

3. யூனிட்டை ஒரே முறையில் நிறுத்துங்கள்

கால்குலிக்ஸுக்கு யூனிட் தெரியாது, எண்கள் மட்டும்தான் தெரியும். மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்ற கூட்டு ஒன்றோடொன்று பொருந்தும், அதையே பின்பற்றுங்கள். அந்தக் கூட்டில் எஃகின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85 × 10⁻⁹ டன், புவியீர்ப்பு 9,810 மி.மீ./வினாடி². ஃப்ரீகேட் பெட்டிகளில் யூனிட்டோடு சேர்த்து எழுதினால் அதுவே மாற்றிக்கொள்ளும். உள்ளீட்டுக் கோப்பைக் கையால் திருத்தும்போதுதான் இந்த எண்களில் கவனம் தேவை.

ஒரு பொறியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். யங் குணகத்தை 2,10,000 மெகாபாஸ்கல் என்பதற்குப் பதிலாக 210 மெகாபாஸ்கல் என்று தட்டிவிட்டால் இறக்கம் ஆயிரம் மடங்கு வரும், ஆனால் தகைவு துளியும் மாறாது. விசை கொடுத்துத் தீர்க்கும் இத்தகைய நேரியல் கணக்கில், ஒரே பொருளால் ஆன பாகத்தின் தகைவு யங் குணகத்தைச் சார்ந்திருப்பதில்லை. தகைவை மட்டும் பார்த்து "சரியா வந்திருச்சு" என்று மூடுபவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இறக்கம், தகைவு இரண்டையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள்.

4. வடிவத்தை வரையுங்கள், தேவையற்றதை விடுங்கள்

பக்கவாட்டுத் தோற்றத்தை ஸ்கெட்சாக வரையுங்கள். புள்ளிகள் வரிசையாக (0, 0), (100, 0), (100, 6), (6, 6), (6, 100), (0, 100). மூடிய கோடாக்கி 40 மி.மீ.க்கு பேட் செய்யுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு போல்ட் ஓட்டை வேண்டாம், முனை உருட்டல்கள் வேண்டாம், உள்மூலையில் ஃபில்லெட்டும் (கூர்மூலையை வளைவாக்குவது) வேண்டாம். கையால் போட்ட கணக்கில் இல்லாத எதுவும் முதல் மாடலில் இருக்கக் கூடாது. இருந்தால், விடை விலகும்போது காரணம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

கோப்பைச் சேமித்துவிட்டு, சால்வர் எழுதும் கோப்புகள் எங்கே போகின்றன என்று அமைப்புகளில் பாருங்கள். தற்காலிகக் கோப்புறையில் போகிறது என்றால் உங்கள் கோப்புக்குப் பக்கத்திலேயே எழுதும்படி மாற்றுங்கள். 9-ஆம் படியில் அந்தக் கோப்பு ஒன்று தேவைப்படும்.

5. பொருளைக் கொடுங்கள்

ஃபெம் வொர்க்பெஞ்சுக்குப் போய் ஓர் அனாலிசிஸைத் தொடங்குங்கள். பொருள் பட்டியலில் எஃகைத் தேர்ந்தெடுத்து, யங் குணகம் 2,10,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்று உள்ளதா என்று கண்ணால் பாருங்கள். பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

பிராக்கெட்டின் சொந்த எடையைச் சேர்க்க வேண்டுமா? கன அளவு 46,560 கன மி.மீ., நிறை சுமார் 0.37 கிலோ, எடை 4 நியூட்டனுக்கும் கீழே. 200 நியூட்டனுக்கு முன் அதை விடலாம். இப்படி ஒவ்வொன்றையும் எண்ணைப் பார்த்தே விடுங்கள்.

6. பிடிப்பு

சுவரோடு ஒட்டும் முதுகு முகத்தை, அதாவது கிடைமட்ட மதிப்பு 0 உள்ள முகத்தைத் தேர்ந்தெடுத்து அசையாப் பிடிப்பு கொடுங்கள். ஓர் எலிமென்ட் கணக்கில் விடையை அதிகம் மாற்றுவது மெஷ் இல்லை, பிடிப்புதான். மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும், தவறான பிடிப்பைச் சரிசெய்ய முடியாது. தவறான கேள்விக்கு இன்னும் துல்லியமான விடை கிடைக்கும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு முதுகு முழுவதும் ஒட்டப்பட்டது போல வைக்கிறோம். நிஜத்தில் இரண்டு போல்ட்டுதான் என்பது மறந்துபோகவில்லை. கைக்கணக்கோடு ஒப்பிட எளிதானது இந்த நிலை. போல்ட்டை 11-ஆம் படியில் கொண்டுவருவோம்.

பிடிப்பே கொடுக்க மறந்தாலோ, ஒரு திசையை மட்டும் பிடித்தாலோ பொருள் காற்றில் மிதக்கிறது என்று பொருள். சால்வர் பிழைச் செய்தியோடு நிற்கும். அல்லது கோடிக்கணக்கான மி.மீ. இறக்கத்தைக் காட்டும். அப்படி ஓர் எண் வந்தால் மெஷ்ஷைத் தொடாமல் நேராகப் பிடிப்பைப் பாருங்கள்.

7. விசை

கிடைக்காலின் நுனி முகத்தை (40 × 6 மி.மீ. உள்ள சிறு முகம்) தேர்ந்தெடுத்து 200 நியூட்டன் கொடுங்கள். திசை கீழ்நோக்கி. இங்கே கவனம்: முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் விசை அந்த முகத்துக்குச் செங்குத்தாக, அதாவது பட்டையை நீளவாக்கில் இழுப்பதாகப் போய்விடும். ஒரு செங்குத்து விளிம்பைத் திசைக்காகத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறி கீழே காட்டுகிறதா என்று மாடலைச் சுழற்றிப் பாருங்கள். மேலே காட்டினால் திசையைத் திருப்பும் குறியைத் தட்டுங்கள்.

ஒரே புள்ளியில் விசை கொடுப்பதைத் தவிர்க்கவும். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. மெஷ் நுண்ணியதாக ஆக அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும்.

8. மெஷ்: முதலில் பெரிதாக

ஜிமெஷ்ஷில் அதிகபட்ச எலிமென்ட் அளவு 6 மி.மீ., எலிமென்ட் வகை இரண்டாம் வரிசை. இந்த "இரண்டாம் வரிசை" என்ற தேர்வு மிக முக்கியம். முதல் வரிசை டெட்ராஹெட்ரான் எலிமென்ட்டுக்குள் திரிபு (எவ்வளவு நீள்கிறது, அமுங்குகிறது என்ற அளவு) எங்கும் ஒரே அளவாக இருக்கும். வளையும் பட்டையிலோ மேற்பக்கம் இழுபடுகிறது, அடிப்பக்கம் அமுங்குகிறது. தடிமனில் ஒரே அடுக்கு முதல் வரிசை எலிமென்ட் இருந்தால் அந்த மாற்றத்தை அதனால் காட்டவே முடியாது. பட்டை நிஜத்தைவிட விறைப்பாகத் தெரியும். இறக்கம் கைக்கணக்கில் பாதிகூட வராமல் போகலாம். நேரம் இருந்தால் ஒரு முறை முதல் வரிசையில் ஓட்டி, வரும் எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு எந்த மென்பொருளிலும் எலிமென்ட் வகையைப் பார்க்காமல் ஓட்ட மாட்டீர்கள்.

நேராக 1 மி.மீ. மெஷ்ஷில் தொடங்குவது இன்னொரு பரவலான பழக்கம். முப்பரிமாணத்தில் அளவைப் பாதியாக்கினால் எலிமென்ட் எண்ணிக்கை எட்டு மடங்காகும். நினைவகம் நிரம்பி லேப்டாப் உறைந்துவிடும். விசையின் திசை தப்பு என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பெரிய மெஷ்ஷில் சில விநாடிகளில் தெரிந்துபோகும்.

நினைவகம் நெருக்கடி என்றால் அகலத்தின் நடுவில் வெட்டிப் பாதி மாடலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெட்டு முகத்தில், முகத்துக்குச் செங்குத்தான அசைவை மட்டும் தடுக்க வேண்டும். விசை அப்போது 100 நியூட்டன். வடிவத்தைப் பாதியாக்கிவிட்டு விசையை அப்படியே விடுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு.

9. ஓட்டுங்கள், நான்கு சோதனை செய்யுங்கள்

சால்வரை ஓட்டியதும் வண்ணப் படத்துக்கு ஓடாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எதிர்விசை. கால்குலிக்ஸ் எழுதும் டேட் (.dat) கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால், பிடிப்பு முகத்தின் மொத்த விசை மூன்று திசையிலும் தனித்தனியாக இருக்கும். செங்குத்துத் திசையில் 200, மற்ற இரண்டில் பூச்சியத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 400 இருந்தால் எங்கோ விசை இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. நீளவாக்கில் 200 இருந்தால் 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து உருமாறிய வடிவம். பிராக்கெட் நீங்கள் எதிர்பார்த்த பக்கம் வளைகிறதா? திரையில் தெரியும் வளைவு பெரிதாக்கிக் காட்டப்பட்டது என்பதை மறக்காதீர்கள். 0.4 மி.மீ. நிஜ அளவில் கண்ணுக்கே தெரியாது. பெருக்கத்தை 100 வைத்துத் திசையைப் பாருங்கள், எண்ணைத் தனியாகப் படியுங்கள்.

மூன்றாவது முனை இறக்கம். 0.37 முதல் 0.44க்குள் இருக்கிறதா? 6 மி.மீ. மெஷ்ஷிலேயே இரண்டாம் வரிசை எலிமென்ட் இதற்கு மிக அருகில் வந்துவிடும். மெஷ்ஷை 3 மி.மீ. ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால், இறக்கம் என்ற கேள்விக்கு மெஷ் போதும்.

கடைசியில் தகைவு. மூலையைப் பார்க்காதீர்கள். கிடைக்காலின் நடுவில், சுவரிலிருந்து 50 மி.மீ. தூரத்தில், மேற்பரப்பின் தகைவைப் படியுங்கள். அங்கே கைக்கணக்கு எளிது: 200 × 50 ÷ 240 = 41.7 மெகாபாஸ்கல் (240 என்பது செக்ஷன் மாடுலஸ், 40 × 6² ÷ 6). பிடிப்பும் மூலையும் தொந்தரவு செய்யாத அந்த இடத்தில் மென்பொருள் இதற்கு அருகில் வரவில்லை என்றால், வேறு எந்த இடத்து எண்ணையும் நம்பக் கூடாது.

10. உள்மூலை: எண் நிற்காமல் ஏறும் இடம்

இப்போது உள்மூலைக்கு வாருங்கள். அங்கே மட்டும் மெஷ்ஷை 3, 1.5, 0.75 மி.மீ. என்று குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் அதிகபட்சத் தகைவை எழுதுங்கள். உள்ளூர் மெஷ் நுணுக்கம் என்ற வசதியில் மூலை விளிம்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் தாங்கும்.

இறக்கம் நின்றுவிட்டது, ஆனால் மூலைத் தகைவு ஒவ்வொரு முறையும் ஏறுகிறது. மெஷ் போதிய நுண்மையை எட்டியபின், அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 37 சதவீதம் கூடும். 90 பாகைக் கூர்மையான உள்மூலையில் நெகிழ்வுக் கோட்பாடு தரும் தகைவு, மூலையிலிருந்து தூரத்தின் −0.4555 அடுக்காக மாறுகிறது. மூலையிலேயே அது எல்லையற்றது. மென்பொருள் தப்புச் செய்யவில்லை. ஆரம் பூச்சியம் உள்ள மூலை என்று நாம் சொன்னோம், அதற்கான விடையை நோக்கி அது போகிறது.

இங்கே இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் கடைசி ஓட்டத்தில் வந்த பெரிய எண்ணைப் பார்த்து பிராக்கெட் உடையும் என்று தடிமனைக் கூட்டுகிறார்கள். வேறு சிலர், கொஞ்சம் பெரிய மெஷ்ஷில் எல்லைக்குள் வந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. அந்த எண் பிராக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, மெஷ் அளவை மட்டும் சொல்கிறது.

வழி எளிது. நிஜப் பாகத்தில் பூச்சிய ஆரம் கிடையாது. உள்மூலைக்கு 6 மி.மீ. ஃபில்லெட் போடுங்கள். அந்த வளைவின் நீளம் சுமார் 9.4 மி.மீ.; 1.5 மி.மீ. மெஷ் கொடுத்தால் அதில் ஆறு எலிமென்ட் அமரும். பிறகு 0.75-க்கு இறக்கி ஒப்பிடுங்கள். இம்முறை தகைவு நின்றுவிடும். ஃபில்லெட் முடியும் இடத்தில் கைக்கணக்கு 200 × 88 ÷ 240 = 73 மெகாபாஸ்கல். வளைவில் தகைவு குவிவதால் மென்பொருள் இதைவிடச் சற்றுக் கூடக் காட்டும். இரண்டு மடங்கு காட்டினால் ஏதோ தவறு.

வடிவத்தை மாற்றியபின் பிடிப்பும் விசையும் பழைய முகங்களிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபில்லெட் சேர்த்ததும் முகங்களின் எண் வரிசை மாறி, விசை வேறு முகத்துக்குத் தாவிவிடுவது ஃப்ரீகேடின் பழைய பதிப்புகளில் அடிக்கடி நடக்கும். எதிர்விசைச் சோதனையை மறுபடி செய்வது நல்லது.

11. நிஜப் பிடிப்பை இரண்டு எல்லைக்குள் அடையுங்கள்

செங்குத்துக் காலில், அடியிலிருந்து 35, 75 மி.மீ. உயரத்தில், எம்8 போல்ட்டுக்காக 9 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். முதுகின் பிடிப்பை நீக்கி, ஓட்டைகளின் உள் உருளை முகங்களை மட்டும் பிடியுங்கள். ஓட்டுங்கள்.

இறக்கம் கூடியிருக்கும். இந்த மாடலில் சுவரே இல்லை, அதனால் செங்குத்துக் காலின் அடிப்பகுதி சுவருக்குள் புகுவது போல் நகர்கிறது. நிஜத்தில் சுவர் அதைத் தடுக்கும். ஆகவே இந்த விடை நிஜத்தைவிடத் தளர்வானது, முதுகு முழுவதும் பிடித்த விடை நிஜத்தைவிட விறைப்பானது. நிஜம் இரண்டுக்கும் இடையில். இரண்டு விடைகளுமே 1 மி.மீ., 125 மெகாபாஸ்கல் என்ற எல்லைக்குள் இருந்தால் சுவர்த் தொடுகையை மாடல் செய்யவே தேவையில்லை. ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் இருந்தால்தான் காண்டாக்ட் கணக்குக்குப் போக வேண்டும். அது நேரியல் அல்லாத கணக்கு. நேரம் பிடிக்கும், ஒருமுகப்படாமல் நின்றுவிடவும் செய்யும். தேவை வரும் வரை தள்ளிப்போடுங்கள்.

ஓட்டை விளிம்பிலும், முதல் மாடலில் முதுகின் கீழ் விளிம்பிலும் தெரியும் அதிகத் தகைவு, அசையாப் பிடிப்பு செயற்கையாக உண்டாக்குவது. அதை முடிவில் சேர்க்காதீர்கள்.

பிராக்கெட்டைத் தலைகீழாக, கிடைக்கால் மேலே வரும்படி மாட்டினால் நிலைமை வேறு. அப்போது வளைவு, மூலையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். மேல் போல்ட்டுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட பட்டை சுவரின் உதவி இல்லாமல் தனியாக வளையும். அங்கே முதுகு முழுவதும் பிடித்த மாடல் நிஜத்தைவிட மிகவும் சாதகமான விடை தரும். அந்த மாட்டலுக்கு ஓட்டை மாடலையே நம்புங்கள்.

12. முடிவை எழுதுங்கள்

வண்ணப் படத்தை ஒட்டி "பாதுகாப்பானது" என்று எழுதினால் அடுத்தவரால் சரிபார்க்க முடியாது. விசை, பிடிப்பு, பொருள், எலிமென்ட் வகை, மெஷ் அளவுகள், ஒவ்வோர் அளவுக்கும் வந்த இறக்கமும் தகைவும், கைக்கணக்கு, எதிர்விசை இவை ஒரு பக்கத்தில் அடங்கும். எந்த இடத்துத் தகைவை ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

எஃகுக்கு வான் மிசஸ் தகைவை (எல்லாத் திசைத் தகைவுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது) ஈல்டோடு ஒப்பிடுவது சரி. பாகம் வார்ப்பிரும்பு என்றால் அது பொருந்தாது. அதிகபட்ச முதன்மைத் தகைவைப் பாருங்கள். எடை நிலையாகத் தொங்காமல் ஏறி இறங்கினால் களைப்பு முறிவு தனிக் கணக்கு. கிடைக்கால் அடியில் இருக்கும் மாட்டலில் உள்மூலை இழுவிசையில் இருப்பதால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இந்தச் சிமுலேஷன் தொடாத ஒன்றையும் குறித்துவையுங்கள்: சுவர். அடி விளிம்பை அச்சாகக் கொண்டு மேல் போல்ட் மட்டும் தாங்குகிறது என்று வைத்தால், அதன் இழுவிசை 200 × 100 ÷ 75 = 267 நியூட்டன். போல்ட்டைச் சுவருக்குள் பிடித்துவைக்கும் ஆங்கர், செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் ஒரே அளவு தாங்காது. தயாரிப்பாளர் உங்கள் சுவர் வகைக்குக் கொடுத்திருக்கும் அனுமதிக்கப்பட்ட இழுவிசையை எடுத்து இந்த 267-உடன் ஒப்பிட்ட பிறகே ஆங்கரை வாங்குங்கள்.